சீட்டில் ஏறாத பெயர்கள்

பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்க வலையும் படகும் மட்டும் போதாது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் வலை கட்ட வேண்டுமானால் முறை வேண்டும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பட்டினவர் என்ற மீனவச் சாதிக் குடும்பங்களுக்கு அது வழிவழியாக வந்த உரிமை. அப்படி ஒரு பாட்டுக்காரர் வீட்டில் பிறந்து, அந்த வருமானத்தில் படித்து, வாத்தியாராகி, ஓய்வும் பெற்றுவிட்ட கிழவன் நான். ஒரு குடும்பத்தின் வறுமையைச் சாதி எப்படிப் பேரப்பிள்ளை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதை எந்தப் புத்தகத்தையும்விட இந்த ஏரி எனக்குத் தெளிவாகக் காட்டியிருக்கிறது. அதை இளைய பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பாட்டின் அழகைச் சொல்லிவிட வேண்டும். குறையை மட்டும் சொன்னால் பேச்சு நேர்மையாக இருக்காது.

எங்கள் ஏரிக்கு ஆரணியாறும் காளங்கியும் நல்ல தண்ணீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புத் தண்ணீர் தருகிறது. கடலில் பிறந்த இறால் குஞ்சாக உள்ளே வந்து, ஏரியில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். அது திரும்பும் வழியில், நீர் வடியும் நேரத்தில், கழி நட்டு வலை கட்டுகிறவனுக்குத்தான் பை நிறையும். எல்லா இடமும் ஒரே மாதிரி கிடையாது. ஓட்டம் நன்றாக இருக்கும் இடத்தில் ஓர் இரவில் அள்ளுவதை, நூறு முழம் தள்ளி ஒரு வாரம் கிடந்தாலும் அள்ள முடியாது. வலுத்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் தினமும் வெட்டுக்குத்துதான். அதனால் பெரியவர்கள் சீட்டுக் குலுக்கி முறை வைத்தார்கள். இன்று நல்ல இடம் எனக்கு, நாளை உனக்கு. ஓட்டு வீட்டுக்காரன், ஓலைக் குடிசைக்காரன் என்ற பேதம் அந்தச் சீட்டுக்குத் தெரியாது. ஊருக்குத் தலைக்கட்டு வரி கட்டியிருக்கிறானா, முறை மீறாமல் இருக்கிறானா என்பதுதான் கணக்கு. வலை கட்டும் ஆட்களுக்கும் நாட்களுக்கும் வரம்பு இருந்ததால் ஏரியும் பிழைத்தது.

இப்படி ஊர்மக்களே கூடிப் பொதுச்சொத்தைக் காப்பாற்றும் ஏற்பாடுகளை உலகம் முழுவதிலிருந்தும் திரட்டி ஆராய்ந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் எலினார் ஆஸ்ட்ரம். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். நெடுங்காலம் நிலைத்த ஏற்பாடுகளில் அவர் கண்ட பொதுத்தன்மைகளில் முதலாவது, யார் உள்ளே, யார் வெளியே என்ற எல்லை தெளிவாக இருப்பது. எங்கள் பாட்டுக்கும் அந்த எல்லை உண்டு. அது எதை வைத்துப் போடப்பட்டது என்று கேட்கும்போதுதான் கதை மாறுகிறது.

சீட்டில் பெயர் ஏற வேண்டுமானால் ஆணாக இருக்க வேண்டும். பட்டினவராகப் பிறந்திருக்க வேண்டும். பாடு உள்ள ஊரைச் சேர்ந்தவராக, கல்யாணம் முடித்தவராக இருக்க வேண்டும். வலை கட்டத் தெரியுமா, ஏரியை நம்பித்தான் பிழைக்கிறாரா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. மீன் கூடையைத் தலையில் சுமந்து பொன்னேரிச் சந்தைவரை நடந்து விற்றுவந்த எங்கள் வீட்டுப் பெண்களுக்கே பாடு கிடையாது என்றால், வேறு சாதியாருக்கு எங்கே இருக்கும்? கரையைச் சுற்றியுள்ள சேரிகளில் வாழும் தலித் குடும்பங்களும், ஏரியோர மேடுகளில் வாழும் இருளர் பழங்குடிக் குடும்பங்களும் அந்தச் சீட்டுக்கு வெளியே நின்றார்கள். வயல் வேலை குறைந்து, இறால் ஏற்றுமதியில் விலை ஏறியபோது, தலித் மக்கள் பலர் வலையோடு ஏரிக்கு வந்தார்கள். அப்போது எழுந்த சண்டைகள் பல பஞ்சாயத்துகளையும் வழக்குகளையும் பார்த்துவிட்டன. இருளருக்கோ சண்டை போடும் தெம்பும் இருக்கவில்லை.

இருளர் எப்படி இறால் பிடிக்கிறார்கள் என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வலை இல்லை, படகு இல்லை. ஆணும் பெண்ணும் கூட்டமாக முழங்கால் ஆழம் முதல் கழுத்தளவு வரை தண்ணீரில் இறங்குவார்கள். குனிந்து, தவழ்ந்து, சேற்றை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே போவார்கள். விரலில் இறால் தட்டுப்பட்டதும் பிடித்து, கழுத்தில் தொங்கும் ஓலைப் பறிக்குள் போடுவார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டு தடவுகிறவர்களும் உண்டு. கெளுத்தி முள் குத்தும், ஆளி ஓடு கிழிக்கும், திருக்கை அடித்தால் நாள் கணக்கில் படுக்கைதான். தண்ணீர் எங்கே சூடேறும், எந்தச் சேற்றில் இறால் பதுங்கும், எந்த மாதம் எந்தக் கரை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஏரியைப் பற்றிய அறிவில் எங்கள் ஊரில் அவர்களுக்கு இணையானவர் குறைவு. ஆனால் அந்த அறிவுக்குச் சீட்டில் இடமில்லை.

எங்கள் வீட்டுக்கு ஓர் இருளர் கிழவி வருவாள். என் அம்மாவைவிட மூத்தவள். ஆனாலும் என் அம்மாவை "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள். தெருவில் பால்குடி மறந்த பிள்ளைகூட அவளை "ஏ, வா, போ" என்பான். அது தப்பென்று யாரும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. ஒருநாள் அம்மா அவளிடம், "உன் பேரனைப் பள்ளிக்கூடத்துல விடக் கூடாதா?" என்று கேட்டாள். "விடலாம்மா. நாளைக்கு அவன் தடவுற இறால யாரு தடவறது?" என்றாள் கிழவி. சோம்பலிலும் அலட்சியத்திலும் பிறந்த பதில் அல்ல அது. ஒருவேளைச் சோற்றுக்கு எத்தனை கை வேண்டும் என்று கூட்டிப் பார்த்தவளின் பதில். அவள் பேரனும் நானும் ஒரே வயது, ஒரே ஏரிக்கரை. என் அப்பாவுக்குப் பாடு இருந்தது. அது ஒன்றுதான் எங்களுக்குள் வேறுபாடு.

அந்த ஒன்றிலிருந்து என்னென்ன கிளைத்தன என்று எண்ணிப் பாருங்கள். பாடு இருந்ததால் என் அப்பாவுக்கு வியாபாரி நம்பி முன்பணம் கொடுத்தான். அதில் வலை வாங்கினார், படகைச் செப்பனிட்டார். விலையைக் குறைத்து எடுத்துக்கொண்டாலும், "வேறு ஆளிடம் போய்விடுவேன்" என்று சொல்லும் தைரியம் அவருக்கு இருந்தது. நோய் வந்தால் அந்த முறையை நம்பிக் கைமாற்று கிடைத்தது. அதனால் மூத்த பிள்ளையை வேலைக்கு இழுக்காமல் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. "உழைத்து முன்னுக்கு வந்தவன்" என்று என்னைப் பற்றி ஊர் பெருமையாகப் பேசும். உழைத்தேன் என்பது பொய்யில்லை. ஆனால் அந்தக் கிழவியின் மகன் என் அப்பாவைவிடக் குறைவாக உழைக்கவில்லை.

அவர்களுக்கும் முன்பணம் கிடைத்தது. செங்கல் சூளைக்காரன் கொடுத்தான், அரிசி ஆலைக்காரன் கொடுத்தான், சவுக்குத் தோப்புக் குத்தகைக்காரன் கொடுத்தான். பாட்டுக்காரன் வாங்கிய முன்பணத்துக்கு ஈடு அவன் பிடிக்கும் இறால். இருளர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடு அவர்கள் உடம்பு, சில இடங்களில் பிள்ளைகளின் உடம்பும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் செங்குன்றம் வட்டார அரிசி ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்திகளை நாம் இந்த நூற்றாண்டிலும் படித்தோம். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். சிலர் பட்டிருந்த கடன் ஆயிரம் ரூபாய் அளவுதான். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடந்த படத்தைப் பத்திரிகைகளில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நீரில் நடந்ததுதான் நிலத்திலும் நடந்தது. எங்கள் பொன்னேரி வட்டம் அந்தக் காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அங்கே நிலத்துக்குக் காணியாட்சி, மிராசு என்று பரம்பரை உரிமைகள் இருந்தன. உழுதவர் பறையர், உரிமை வேறு சாதியாருக்கு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் இதை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். தரிசு நிலத்துக்கு விண்ணப்பம் போட்டாலும் மிராசுதாரர் தலையிட்டுத் தடுப்பதையும், குடியிருக்கும் மனையே தங்களுடையதாக இல்லாததால் அந்த மக்கள் வாய் திறக்க முடியாமல் இருப்பதையும் அந்த அறிக்கை சொன்னது. அதன் விளைவாக 1892-இல் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அந்த நிலங்களை வேறு சாதியாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. இன்று அவற்றில் பெரும்பகுதி யார் கையில் இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சமி நில மீட்புக்காக 1994-இல் செங்கல்பட்டுக்கு அருகே காரணையில் போராடியவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்ததையும், உயிர்கள் போனதையும் பெரியவர்கள் மறக்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் டச்சுக்காரர் காலம். 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டை எழுந்தது. சுற்றுலா வருகிறவர்கள் கல்லறைத் தோட்டத்தின் சிற்பங்களைப் பார்த்து வியக்கிறார்கள். அதே பழவேற்காட்டிலிருந்து பதினேழாம் நூற்றாண்டில், பஞ்சம் வந்த ஆண்டுகளில், ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பல் ஏற்றப்பட்டார்கள். பஞ்சத்தில் தன்னையும் பிள்ளையையும் விற்கும் நிலைக்கு முதலில் வருகிறவன் யார்? காணியும் இல்லாமல், களஞ்சியமும் இல்லாமல், கைமாற்றுத் தர ஆளும் இல்லாமல் இருப்பவன்தான். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் டச்சு வியாபாரிகளின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. கப்பலேறிப் போனவர்களின் பெயரைச் சொல்ல ஊரில் ஒரு கல்கூட இல்லை.

பட்டியலில் பெயர் இல்லாதவன் பேரிடரிலும் இல்லாதவன்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணம் வந்தது. படகு போனவருக்கு இவ்வளவு, வலை போனவருக்கு இவ்வளவு என்று கணக்கு எடுத்தார்கள். கையால் தடவிப் பிடிப்பவனுக்கு எது போயிற்று என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது? சேறு மணலாகி, இறால் இல்லாமல் போனது எந்தப் படிவத்திலும் வராது. தமிழகக் கரையோரத்தில் பல இடங்களில் தலித்துகளும் இருளரும் நிவாரணப் பட்டியலில் விடுபட்டார்கள் அல்லது கடைசியில் சேர்க்கப்பட்டார்கள். பல அமைப்புகள் இதை அப்போதே பதிவு செய்தன.

சாதிச் சான்றிதழும் இப்படித்தான். பழங்குடியினர் சான்றிதழைத் தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் விசாரித்துத் தர வேண்டும். அப்பனிடம் சான்றிதழ் இருந்தால் பிள்ளைக்குச் சுலபம். அப்பன் பள்ளிக்கே போகாதவன், பிறப்புப் பதிவும் இல்லை, இருக்கும் குடிசைக்குப் பட்டாவும் இல்லை என்றால் பிள்ளை எதைக் காட்டுவது? சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகை இல்லை, விடுதி இல்லை, மேற்படிப்பில் இடமில்லை. இருளரை மத்திய அரசு மிகவும் நலிந்த பழங்குடிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் அவர்கள் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். பாம்புக்கடி மருந்து தயாரிக்க விஷம் எடுத்துத் தரும் இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் வடநெம்மேலியில் இயங்குகிறது. அந்தச் சமூகத்தின் பாம்பு பிடிக்கும் கலைஞர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நாட்டின் உயிர் காக்க அவர்கள் அறிவு வேண்டும். ஆனால் பத்தாம் வகுப்பு முடித்த இருளர் பிள்ளை, தான் இருளர் என்று நிரூபிக்க அலுவலகப் படியேறி நிற்கிறது.

இவ்வளவையும் சொல்லும்போது எங்கள் ஊர் இளைஞர்கள் கோபப்படுவார்கள். "ஐயா, நாமளே அழிஞ்சிட்டிருக்கோம். நம்மளப் போய்க் குத்தம் சொல்றீங்களே?" என்பார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது, எண்ணூர்த் துறைமுகம் வந்தது, காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. கரை அரிக்கிறது. முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோகிறது. வடக்கே சிறீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது. பெரிய திட்டங்களின் வரைபடத்தில் எங்கள் ஊர்கள் வெறும் நீலப் பரப்பாகத்தான் தெரிகின்றன. உள்நாட்டு மேல்சாதியார் எங்களை மீன் நாற்றம் பிடித்தவர்கள் என்று தள்ளி நிறுத்திய காலமும் உண்டு, இன்னும் முழுவதும் போகவில்லை.

இதைத்தான் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். மேலே ஒருவன், கீழே ஒருவன் என்று இரண்டே படியாக இருந்தால் கீழே இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நாளில் கேட்டுவிடுவார்கள். சாதி அப்படி வைக்கவில்லை. மிதிபடுகிறவனுக்கும் மிதிக்க ஒருவனைக் கொடுத்துவைத்தது. மேலிருந்து வரும் அவமானத்தைத் தாங்கிக்கொள்ளக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற ஆறுதல் போதுமாக இருக்கிறது. துறைமுகத்துக்கு எதிராக நாம் நிற்கும்போது, "இந்தத் தண்ணீர் எங்கள் பாட்டன் காலத்திலிருந்து எங்கள் வாழ்வாதாரம்" என்கிறோம். அதே சொல்லை இருளரும் சொல்லலாம், இன்னும் அழுத்தமாகவே சொல்லலாம். அவர்களுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோமோ, அதே பதிலைத்தான் துறைமுகக்காரன் நமக்கு வைத்திருக்கிறான்.

1927 மார்ச் 20-இல் மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தார். அந்தக் குளத்தை எல்லாரும் பயன்படுத்தலாம் என்று நகராட்சி அதற்கு முன்பே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் தாளில் இருந்தது, தண்ணீர் தடுக்கப்பட்டிருந்தது. ஆறு, ஏரி, கடற்கரை போன்ற இயற்கை வளங்களை அரசு மக்களுக்காக அறங்காவலராக இருந்து காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் கமல்நாத் வழக்கில் சொன்னது. நீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குச் சட்டம் விடை சொல்லிவிட்டது. ஊர்கள்தான் இன்னும் சொல்லவில்லை.

பாட்டை ஒழித்துவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முறை போனால் வலுத்தவன் கையில் ஏரி போய்விடும், முதலில் பட்டினி கிடப்பவன் இருளன்தான். முறை இருக்கட்டும், அதன் கதவு பிறப்பைப் பார்த்துத் திறப்பதும் மூடுவதும்தான் போக வேண்டும். ஏரியை நம்பிப் பிழைக்கும் எல்லா ஊர்களும், எல்லாச் சாதிகளும், பெண்களும் உட்கார்ந்து பேசி, எந்த வலை எங்கே, எந்த நாள் யாருக்கு, கையால் தடவுகிறவர்களுக்கு எந்தக் கரை என்று புதிதாக முறை வைக்க முடியும். சீட்டுக் குலுக்கி நியாயம் செய்யத் தெரிந்த ஊர் இது, இந்த நியாயத்தையும் செய்யத் தெரியாதா?

அரசிடம் கேட்கவும் இருக்கிறது. எங்கள் ஏரியின் தமிழகப் பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2006 வன உரிமைச் சட்டம் சரணாலயங்களுக்கும் பொருந்தும். வன எல்லைக்குள் உள்ள நீர்நிலைகளில் மீன் பிடிக்கும் சமூக உரிமையை அது பழங்குடிகளுக்கு ஏற்கிறது. அந்தச் சட்டத்தின்படி ஏரியில் தங்கள் உரிமையைக் கேட்டு இருளர் விண்ணப்பிக்க முடியும். விண்ணப்பம் எழுத, கிராம சபையில் பேச, அலுவலகத்துக்கு உடன்போக எழுத்தறிந்தவர்கள் வேண்டும். அந்த எழுத்து நமக்கு எப்படிக் கிடைத்தது என்று நினைத்துப் பார்த்தால், அது தானமல்ல, திருப்பித் தர வேண்டிய கடன் என்று புரியும்.

பிள்ளைகளே, இந்த வயதில் எனக்குப் புரிந்த பாடம் இதுதான். ஒருவன் ஏன் ஏழையாக இருக்கிறான் என்று கேட்பதற்கு முன், எந்தப் பட்டியலில் அவன் பெயர் இல்லை என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும். நமக்குள் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டோம் என்பதில் நிறைவடைந்து விடாதீர்கள். பங்கு போடும் இடத்துக்கே வர முடியாதவர்கள் யார் என்று வெளியே எட்டிப் பாருங்கள். வயதில் மூத்தவரை, எந்தக் குடிசையிலிருந்து வந்தாலும், "வாங்க" என்று கூப்பிடுங்கள். உங்கள் வகுப்பில் சான்றிதழ் இல்லாத பிள்ளை இருந்தால் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு உடன்போங்கள். உங்கள் ஊரில் நிவாரணத்துக்கோ, கூட்டுறவுச் சங்கத்துக்கோ, கோவில் வரிக்கோ யாராவது பெயர் எழுத உட்கார்ந்தால், எழுதி முடிப்பதற்குள் விடுபட்டவர் யார் என்று கேளுங்கள். விடை வரும்வரை அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போடாதீர்கள்.